வடைப் பக்கற்றில் 20 ரூபாய் குறைத்தால் அது யாருக்குப் போகும்?

பருத்தித்துறையான் | 2025 மார்ச் 2, மாலை 6.40

அண்ணைமாரிடம் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் தட்டை வடை சுட்டுப் பக்கற்றில் அடைத்துக் கொடுக்கிறோம். அம்மா, பெரியம்மா, அயலில் மூன்று அக்காமார். பக்கற் ஒன்று 95 ரூபாய் முடிகிறது. ஏஜென்சிக்காரருக்கு 130, அவர் கடைக்கு 145, கடை விற்பது 180. தைப்பொங்கலோடு தெற்கிலிருந்து ஒரு கம்பனி அதே வடையைப் பளபளப்பான உறையில் இறக்கிவிட்டது. உறையில் 150 என்று அடித்திருக்கிறது. நெல்லியடியில் இரண்டு கடைகள் எங்கள் பக்கற்றைப் பின் இறாக்கைக்குத் தள்ளிவிட்டன. 20 ரூபாய் குறைப்போம் என்கிறார் அப்பா. குறைக்கலாமா?

சுன்னாகத்தான் | மார்ச் 2, இரவு 9.15

வேண்டாம் தம்பி. பென்சிலை எடுங்கள். இப்போது பக்கற்றுக்கு 35 மிஞ்சுகிறது. 20 குறைத்தால் மிச்சம் 15. அதே காசு கையில் வர இரண்டு மடங்கு சுட வேண்டும். அம்மாவின் தாச்சி இரண்டு மடங்கு தாங்குமா?

அதைவிட, நீங்கள் குறைக்கும் 20 தின்பவருக்குப் போய்ச் சேரும் என்று யார் சொன்னது? நான் இரண்டு தவணையாகப் பதின்மூன்று வருடம் ஏஜென்சி நடத்தியவன். கம்பனி பிஸ்கற்றில் ஐந்து ரூபாய் குறைத்து அனுப்பும். இரண்டை நான் வைத்துக்கொள்வேன், மூன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். பிஸ்கற் தின்ற பிள்ளைக்கு ஒரு சதமும் குறையவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அது.

சுன்னாகத்தான் | மார்ச் 2, இரவு 9.31

மேலே பிழை விட்டுவிட்டேன். இரண்டு மடங்கு போதாது. 100 பக்கற்றில் 35 வீதம் 3500. அதை 15 வீதம் எடுக்க 234 பக்கற் வேண்டும். இரண்டே கால் மடங்குக்கும் மேல். கண்ணாடி போடாமல் கணக்குப் போட்டால் இப்படித்தான்.

சுன்னாகத்தான் | மார்ச் 3

இன்னொருவர் கீழே பிடித்துவிட்டார்: "உறையில் விலை அடித்திருக்கிறதே, கடைக்காரர் எப்படி மூன்று ரூபாயை விழுங்குவார்?" நியாயம். நான் சொன்னது ரின்னில் வந்து நிறுத்து விற்ற பிஸ்கற். அதன் விலையைக் கடைக்காரரின் வாய்தான் தீர்மானிக்கும். பக்கற் வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது, அடித்த விலைக்கு மேல் விற்றால் குற்றம். ஆகவே உறையில் 160 என்று அடித்தால் கடை 160க்குத்தான் விற்கும்.

ஆனால் அப்போது வேறிடத்தில் இடிக்கும். ஏஜென்சிக்காரர் நீங்கள் குறைத்த 20ஐத் தானே வைத்துக்கொண்டு கடைக்கு 145க்கே கொடுத்தால் கடைக்கு 15தான் மிஞ்சும். பின் இறாக்கையில் இருப்பது தரைக்கு இறங்கும்.

தம்பி, கம்பனி கடைக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறது? அதைச் சொல்லாமல் கேள்வி பாதியில் நிற்கிறது.

பருத்தித்துறையான் | மார்ச் 3

120க்கு, அண்ணை. ஒரு மாதக் கடன். டசினுக்கு ஒன்று சும்மா.

சுன்னாகத்தான் | மார்ச் 3, இரவு

வந்தது வெளியே.

120க்கு எடுத்து 150க்கு விற்றால் 30. உங்களிடம் 35. அப்படிப் பார்த்தால் கடைக்காரர் உங்களைத்தான் முன்னுக்கு வைக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டுக்குக் காசு கொடுத்தால் பதின்மூன்று வருகிறது. 1440ஐப் பதின்மூன்றால் பிரித்தால் பக்கற் கிட்டத்தட்ட 111. கடைக்கு மிஞ்சுவது 39. அதுவும் சொந்தக் காசு ஒரு சதம் போடாமல். உங்கள் ஐம்பது பக்கற்றுக்கு அவர் 7250 எண்ணி வைக்க வேண்டும், அவர்கள் பொருளை விற்று முடித்துத்தான் காசு கொடுக்கப் போகிறார். நான் கடைக்காரராக இருந்தாலும் உங்களைப் பின்னுக்குத்தான் வைப்பேன்.

நீங்கள் தோற்பது தின்பவரின் நாக்கில் இல்லை, கடைக்காரரின் மேசை லாச்சியில்.

சுன்னாகத்தான் | மார்ச் 5

என் பழைய பாவத்தையும் எழுதிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறது.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு சேர்க்கும் ஏ9 பாதை திறந்தபோது நான் முதல் ஏஜென்சியை எடுத்தேன். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே சவர்க்காரம் முதல் ரொபி வரை நாங்களே காய்ச்சிக்கொண்டோம். போட்டி கிடையாது, ஏனென்றால் பாதை கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தோடம்பழ ரொபி காய்ச்சினார். எலுமிச்சை அளவு உருண்டை, வாயில் போட்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை கரையாது. பாதை திறந்ததும் என் லொறியில் கம்பனி ரொபி வந்தது. கண்ணாடிப் போத்தலைக் கடைக்கு இலவசமாகக் கொடுத்தேன். கடனும் கொடுத்தேன். ஒன்றரை வருடத்தில் அவர் அடுப்பை அணைத்தார்.

2006 ஆகஸ்டில் பாதை மூடியது. என் லொறி வவுனியாவோடு நின்றது. கடைக்காரர்கள் அவர் வீட்டுப் படலையில் போய் நின்றார்கள். கிடாரத்தை அவர் பழைய இரும்புக்கு விற்றுக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகியிருந்தது.

விலையால் அவரை வென்றேன் என்றுதான் இருபது வருடமாக எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

சுன்னாகத்தான் | மார்ச் 6

"அனுபவம் போதும், படிப்பாகச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். மகள் முகாமைத்துவம் படித்தபோது அவளுடைய கொப்பியைக் கூடவே புரட்டியவன் நான். அதில் ஒரு கணக்கு மறக்கவில்லை. இலக்கங்களை உங்களுக்கேற்ப மாற்றிப் போடுகிறேன், வெறும் உதாரணம்.

ஒரு பொருளின் அடக்கவிலை 100. விலை 260 ஆனால் ஒருவரும் வாங்கார். அங்கிருந்து ஒவ்வொரு ரூபாய் இறங்க ஒரு பக்கற் கூடப் போகும். செய்பவரே நேரே விற்றால் அவருக்கு ஆகச் சிறந்த விலை 180. 80 பக்கற், பக்கற்றுக்கு 80 இலாபம், மொத்தம் 6400.

இனி நடுவில் ஒரு கடையை வையுங்கள். இருவரும் தத்தம் இலாபத்தை மட்டும் பார்க்கிறார்கள். செய்பவர் 180க்குக் கொடுப்பார், கடை 220க்கு விற்கும், 40 பக்கற்தான் போகும். செய்பவருக்கு 3200, கடைக்கு 1600, கூட்டினால் 4800. தின்பவர் 40 ரூபாய் கூடக் கொடுக்கிறார், விற்ற இருவருக்கும் சேர்த்து 1600 குறைகிறது. ஒருவருக்கும் இலாபமில்லாத விலையேற்றம். நடுவில் ஏஜென்சியும் அதே புத்தியோடு நுழைந்தால் விலை 240, போவது 20.

ஜோசப் ஸ்பெங்லர் என்ற பொருளியலாளர் 1950இல் இதை எழுதினார். ஒரே சங்கிலியில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒன்று சேர்ந்தால் அது எப்போதும் வாங்குபவருக்குக் கெடுதல் என்று நினைக்க வேண்டாம், சில வேளை விலை இறங்கும் என்பது அவர் வாதம்.

இப்போது கம்பனியைப் பாருங்கள். சொந்த லொறி, சொந்த ரெப் (கடை கடையாகப் போகும் விற்பனை ஆள்), நேரே கடை வாசல். உங்களிடம் மூன்று கை, அவர்களிடம் இரண்டு. 150 அடிக்க முடிவது மா மலிவாகக் கிடைப்பதால் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சுன்னாகத்தான் | மார்ச் 7

"அவர்கள் நட்டத்துக்கு விற்று எங்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மேலே போட்ட கணக்கின்படி 150 அவர்களுக்குச் சாதாரண விலையாகவே இருக்க இடமுண்டு. எதிரி கெட்டவர் என்பதால் அவருக்குக் கணக்குத் தெரியாது என்று ஆகாது.

தம்பியின் அப்பா சொல்வதற்கும் ஒரு பழைய பெயர் உண்டு. உள்ளே இருப்பவர் விலையைத் தாழ்வாக வைத்திருந்தால் வெளியே நிற்பவருக்கு நுழையும் ஆசை வராது என்று 1949இல் ஜோ பெய்ன் எழுதினார். ஆனால் அது ஆள் வருவதற்கு முன் செய்யும் வேலை. மழை பெய்து முடிந்த பிறகு கூரை வேய்கிற மாதிரி இப்போது குறைத்து என்ன? 1982இல் மில்குரோமும் ராபர்ட்சும் அதிலும் ஒரு ஓட்டை கண்டார்கள்: இன்றைய தாழ்ந்த விலை வருபவரைத் தானாக மறிக்காது. "இவருடைய அடக்கவிலையே தாழ்வு போல, போட்டி போட்டால் கஷ்டம்" என்று அவர் அதிலிருந்து ஊகித்தால்தான் தயங்குவார். நீங்கள் உறையில் 180 என்று அடித்ததே அழைப்பிதழ்.

சுன்னாகத்தான் | மார்ச் 9

எழுபதுகளில் மிளகாய் நட்டுக் காசு பார்த்தவர்கள் கதையை ஒருவர் கேட்டிருந்தார். ஆம், எங்கள் அப்பாவும் அந்தக் கூட்டந்தான். 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியது. உரும்பிராய், கோண்டாவில் செம்மண்ணில் காசு காய்த்தது. எங்கள் வீட்டின் முன் விறாந்தையை அம்மா இன்றும் "மிளகாய் விறாந்தை" என்பார். 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்தது, கப்பலில் மிளகாய் வந்தது, விறாந்தைக்குப் பின்னால் கட்டவிருந்த அறை அத்திவாரத்தோடு நின்றது.

அப்பா அடுத்த போகத்தில் விலையைக் குறைத்துப் பார்த்தார். சந்தையில் நிறையில் வெட்டும் கழிவு, தரகு, வண்டிக்கூலி. அவர் குறைத்தது அவருடைய பங்கில் மட்டும். கழிவு குறையவில்லை, தரகு குறையவில்லை. வடைக்காரத் தம்பி, இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

(மருதனார்மடத்தில் கரட் விற்கும் என் மச்சான் சொல்கிறார், இப்போது காலையில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போன் அடிக்காமல் ஒருவரும் விலை பேசுவதில்லையாம். 1999இல் அந்தப் பொருளாதார மத்திய நிலையம் திறந்தபோது எங்களுக்கும் அதற்கும் என்ன என்று இருந்தவர்தான் அவர்.)

சுன்னாகத்தான் | மார்ச் 12

நல்ல செய்தி ஒன்று. நீங்கள் சின்னவர் என்பதே உங்களுக்குக் கவசம்.

1983இல் கெல்மன், சலோப் என்ற இருவர் இதற்கு ஜூடோ என்றே பெயர் வைத்தார்கள். சின்னவர் தன் அளவைச் சின்னதாகவே வைத்திருந்தால் பெரியவர் அவரை விலையால் அடிக்க மாட்டார். அடிக்க வேண்டுமென்றால் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் விலையைக் குறைக்க வேண்டும். அந்த நட்டம் சின்னவரிடம் பிடுங்கும் இலாபத்தைவிடப் பெரிது. அவர்கள் எழுதியது புதிதாக நுழையும் சின்னவரைப் பற்றி. இங்கே நுழைந்தவர்தான் பெரியவர், ஆனாலும் கணக்கு ஒன்றே.

கம்பனியின் 150 பருத்தித்துறை முதல் தெற்கே தெய்வேந்திரமுனை வரை ஒரே உறை. வடமராட்சியில் உங்கள் முந்நூறு பக்கற்றுக்காக அதை 130 ஆக்கினால் மாத்தறையிலும் 130.

சுன்னாகத்தான் | மார்ச் 12, அரை மணிக்குப் பிறகு

எழுதிவிட்டுப் படுக்கப் போனேன், நித்திரை வரவில்லை. டசினுக்கு ஒன்று சும்மா என்பது எதற்கு? அதற்குத்தான்! உறை விலையைத் தொடாமல் நெல்லியடியில் மட்டும் விலையைக் குறைக்கும் வழி அது. நெல்லியடியில் ஒன்று சும்மா, மாத்தறையில் ஒன்றும் இல்லை. ஜூடோக்காரர்கள் ரெப் என்று ஒரு சாதி இருப்பதை மறந்துவிட்டார்கள். நானே அந்த வேலையைத்தானே செய்தேன்.

ஆனாலும் கவசம் அடியோடு பயனற்றுப் போகவில்லை. ரெப்புக்கு இலக்கு முடிந்ததும் அந்தச் சலுகை வேறு ஊருக்குப் போய்விடும். சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் பல்லைக் கடியுங்கள்.

சுன்னாகத்தான் | மார்ச் 15

ரொபிக்காரர் கதையைத் திருத்த வேண்டும்.

நேற்று மகளோடு பேசினேன். அவளுக்கு அப்போது பத்து வயது, லொறியில் என்னோடு ஏறி வருவாள். அவள் சொல்கிறாள்: "அப்பா, அவருடைய ரொபி எங்களுடையதைவிட மலிவு." யோசித்துப் பார்த்தால் உண்மை. அவர் விலை கடைசி வரை எங்களுக்குக் கீழேதான்.

அப்படியென்றால் அவர் எதில் தோற்றார்? நான் கிழமைக்கொரு முறை கடைக்குப் போவேன். அவர் சைக்கிளில் மாதத்துக்கொரு முறை. லாச்சியில் இருக்கும் காசு அடுத்த கிழமை வந்து நிற்பவனுக்குத்தான் போகும், ஏனென்றால் அவனுக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த பெட்டி இறங்காது. மாதத்துக்கொரு முறை வருபவருக்கு "அடுத்த முறை பார்ப்போம் ஐயா". நான் கடன் கொடுத்தேன் என்று எழுதினேனே, அந்தக் கடனை அடைத்தது அவருடைய காசுதான். சீனி வாங்கக் கையில் இல்லாமல்தான் அவர் அடுப்பை அணைத்தார்.

இதை எழுத எனக்கு நல்லாயில்லை. எழுதியாகிவிட்டது.

தம்பி, உங்கள் ஏஜென்சிக்காரர் நெல்லியடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறார்?

பருத்தித்துறையான் | மார்ச் 16

மாதத்துக்கு இரண்டு தரம். மழை என்றால் ஒரு தரம்.

சுன்னாகத்தான் | மார்ச் 16

அந்தப் பதினைந்து ரூபாய்க்கு அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேளுங்கள், அவரும் என் தொழில்.

சுன்னாகத்தான் | மார்ச் 18

"நேரே விற்றால் கடைக்காரர்கள் கோபிப்பார்கள்" என்கிறார்கள். கோபிப்பார்கள். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அனில் ஆர்யா, மிட்டென்டார்ஃப், சேப்பிங்டன் என்ற மூவர் 2007இல் காட்டியது: செய்பவர் தானும் விற்கத் தொடங்கினால் கடைக்காரர் பயந்து எடுப்பைக் குறைப்பார். அவர் குறைக்காமலிருக்கச் செய்பவர் கடைக்கான விலையை இறக்குவார். அதனால் சில வேளை கடைக்காரருக்கும் முன்னைவிடக் கூட மிஞ்சும். "சில வேளை" என்பதில் அழுத்தம். நேரே விற்பது செய்பவருக்குக் கடையைவிடச் செலவு கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் விற்கவே கட்டாது என்ற அளவுக்கு அல்ல. உங்கள் வீட்டுப் படலையில் 160க்கு ஒரு மேசை போடுவது அந்த வகை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வடை வாங்க ஒருவரும் வரமாட்டார்.

உடைசல் பற்றியும் பேச வேண்டும். வடை உடையும், நாள் போனால் எண்ணெய் காறும். கடைக்காரர் குறைவாக எடுப்பதற்கு அதுவும் காரணம். 1985இல் பாஸ்டர்னக் என்பவர் போட்ட கணக்கில், விற்காததைத் திருப்பி எடுக்காமல் விட்டாலும் பிழை, முழுக் காசுக்கு எடுத்தாலும் பிழை. ஒரு பங்குக் காசுக்கு எவ்வளவு வந்தாலும் எடுப்பதுதான் இருவருக்கும் சரி வரும். காறல் பக்கற்றுக்கு முழுக் காசு கொடுத்தால் கடைக்காரர் வெயிலில் வைத்துவிட்டுச் சிரிப்பார். உடைந்ததை மட்டும் பக்கற்றுக்குப் பக்கற் மாற்றிக் கொடுங்கள், அது உங்கள் அடைப்பின் பிழை.

சுன்னாகத்தான் | மார்ச் 19

கனடாவில் இந்த வடை என்ன விலை போகிறது தெரியுமா என்று எழுதிய அண்ணைக்கு: அதைச் சொல்ல வேண்டாம். தம்பி நெல்லியடியை விட்டுவிட்டுச் சூட்கேஸ் தூக்கத் தொடங்கிவிடுவார்.

பருத்தித்துறையான் | ஏப்ரல் 6

அண்ணை, செய்து பார்த்தோம். நெல்லியடி, மந்திகை, உடுப்பிட்டி மூன்றுக்கும் நானே மோட்டார் சைக்கிளில் செவ்வாயும் சனியும் போகிறேன். கடைக்கு 135, உறையில் 170. கடைக்கு அதே 35. எங்களுக்கு 40, பெற்றோல் போக 35, 36 வரும். ஒரு தரத்துக்குப் பதினைந்து பக்கற்தான் வைப்பேன், கைக்காசு. ஐம்பதுக்கு 7250 கேட்டபோது முகத்தைத் திருப்பியவர் பதினைந்துக்கு 2025ஐ எடுத்துத் தருகிறார்.

இப்போது பிரச்சினை வேறு. ஏஜென்சிக்காரர் யாழ்ப்பாணத்திலும் சாவகச்சேரியிலும் 180 உறையோடு நிற்கிறார். நெல்லியடியில் 170 என்று பார்த்துவிட்டுப் பேசாத பேச்சு இல்லை.

சுன்னாகத்தான் | ஏப்ரல் 6

இதை நான் யோசிக்கவில்லை. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை ஒரே உறை என்று கம்பனிக்குச் சொன்ன நியாயம் உங்களுக்கும் பொருந்துமே என்று மண்டையில் உறைக்கவில்லை. ஒரே வடைக்கு இரண்டு விலை அடிக்க முடியாது. அடித்தால் நெல்லியடிப் பக்கற் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்விடும்.

ஏஜென்சிக்காரருக்குப் பெரிய பக்கற் கொடுங்கள். உங்கள் பத்து வடைக்குப் பதில் பதினைந்து. விலையை ஒருவரும் நேரே ஒப்பிட முடியாது. பெரிய கம்பனிகள் சவர்க்காரத்தை ஐந்து அளவில் அடிப்பதற்கு ஒரு காரணம் இதுவும்.

பருத்தித்துறையான் | ஏப்ரல் 9

அம்மா சொல்கிறா, பதினைந்து வைத்தால் அடியில் இருப்பது நொறுங்கும். பன்னிரண்டு வைக்கிறோம்.

சுன்னாகத்தான் | ஏப்ரல் 9

அம்மா சொன்னால் பன்னிரண்டுதான்.

சுன்னாகத்தான் | மே 4

இன்று வல்லிபுரக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது நெல்லியடியில் இறங்கினேன். யாரென்று சொல்லவில்லை. கம்பனி வடையும் இருந்தது, அதே 150. டசினுக்கு ஒன்று இன்னும் சும்மாவா என்று கடைக்காரரிடம் கேட்டேன். வருடப்பிறப்போடு நின்றுவிட்டதாம். இரண்டு வடையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே இறாக்கையில். எது கூடப் போகிறது என்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பனியது, வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆட்கள் ஊர் வடை" என்றார்.

தம்பியின் பக்கற் ஒன்று எடுத்தேன். 170 எடுத்தார், சரி. பஸ்ஸுக்கு நிற்கும்போது தடவிப் பார்த்தால் உள்ளே நாலு வடை உடைந்திருந்தது. திரும்பிப் போய்க் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வேறு பக்கற்றை எடுத்துத் தந்துவிட்டு, உடைந்ததை மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டார். செவ்வாய்க்கிழமை பெடியன் வருவானாம்.